சுரைக்கு விழுந்த மண்டை ஓடு

அக்கா குழந்தை மருத்துவர். வீட்டைச் சுற்றி வளரும் செடிகளில் எதெது பிள்ளைகள் வாயில் போகலாம், எதெது போகக்கூடாது என்று பெற்றோருக்காக ஒரு புத்தகம் எழுதியிருந்தாள். பக்கம் அமைப்பது தம்பி. விஷச்செடி ஒவ்வொன்றின் தலைப்பிலும் சிவப்பு மண்டை ஓடு வரவேண்டும். கையால் போட்டால் விட்டுப்போகும் என்று ஒற்றைக்காலில் நின்று கணினியே அதைச் செய்ய ஒரு மேக்ரோ, குட்டி நிரல், எழுதினான். தலைப்பிலுள்ள பெயரை அது விஷப்பட்டியலில் தேடும். இருந்தால் படத்தைப் போடும். மாலைக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

அக்கா முதல் படியைப் புரட்டினாள்.

"ஏன்டா வாலு, சுரைக்கு எதுக்குடா மண்டை ஓடு? நேத்து நீதானே சுரைக்காயை ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்ன?"

"உசுரோடதானே இருக்கேன்."

"படிக்கிறவங்ககிட்ட உன்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டவா?"

பட்டியலில் 'பேய்ச்சுரை' இருந்தது. அதன் பின்பாதியைப் பார்த்துவிட்டு, ஆள் அகப்பட்டான் என்று மேக்ரோ முத்திரை குத்தியிருந்தது.

"பாதிப் பேரைப் பாத்து ஏமாந்திருக்கு. இப்பப் பாரு."

பட்டியலில் பெயருக்கும் பெயருக்கும் நடுவே காற்புள்ளி இருந்தது. தேடும் பெயரின் இரு பக்கமும் ஒரு காற்புள்ளியை ஒட்டினான். இனி முழுப்பெயர்தான் அகப்படும். சுரை விடுதலையானது. அவன் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அனுப்பிடவா?"

"இரு."

தன் வார்டுக்கு அடிக்கடி பிள்ளைகளை அனுப்பிவைக்கும் செடியின் பக்கத்தை அக்கா திரையில் தேடி எடுத்தாள். அரளி. தலைப்பு மொட்டையாக இருந்தது.

"இதுக்கு எங்கடா?"

"முன்ன இருந்துச்சே."

சுற்றிய நாற்காலி நின்றது. பட்டியல் அகரவரிசை. அரளிதான் முதல் பெயர். அதற்கு முன்னால் காற்புள்ளி கிடையாது. கடைசிப் பெயருக்குப் பின்னாலும் கிடையாது. இரண்டும் மேக்ரோவுக்கு அகப்படவில்லை. வாசலையும் கொல்லையையும் திறந்துபோட்டுவிட்டு நடு அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தான்.

"இப்படியே போயிருந்தா?" என்றான்.

"அரளி ஒண்ணும் பண்ணாதுன்னு ஒரு அம்மா நினைச்சிருப்பா. அட்டையில என் பேர்தான் இருக்கு."

பட்டியலின் இரு முனையிலும் ஒவ்வொரு காற்புள்ளி வைத்தான். அரளிக்கு மண்டை ஓடு திரும்பி வந்தது.

"இப்ப சரிக்கா. சத்தியமா."

"உன் சத்தியத்தை நீயே வச்சுக்க. பட்டியலைப் படி, நான் பக்கத்தைப் பாக்கிறேன்."

இந்த வேலை வேண்டாம் என்றுதான் மேக்ரோவே எழுதினான். அதைச் சொல்லும் நேரமல்ல இது.

"அரளி."

"இருக்கு. அடுத்தது."