கல்நாட்டில் மொட்டைத் தலை

‘இரும்புக் கணவாய்’ என்ற தொடர்கதையை ஃபோனில் கேட்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். அதில் வரும் கல்நாட்டாரின் தலைமுடியைப் பற்றியே யோசித்துக்கொண்டு திரிகிறவர்கள் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஒரு வேன் கொள்ளும் அளவுக்குத்தான் இருப்பார்கள். கதையில் முடியைப் பற்றி வருவது ஒரே ஒரு வரி. கோட்டை வாசலில் ஒருத்தி கூந்தலை அவிழ்த்தாள், காவலர்கள் விலகி வழிவிட்டார்கள். ஏன் விலகினார்கள் என்று கதை சொன்னவர் அப்புறம் சொல்லவே இல்லை, மறந்துபோனார் போலிருக்கிறது. நம் ஆட்கள் விடுவார்களா? அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு டெலிகிராமில் குழு ஆரம்பித்து, ஒரு நாட்டுக்கே தலை வாரிவிட்டார்கள்.

வாரிய கைகளில் முதல் கை ஜெயப்ரியாவுடையது. மூக்கண்டப்பள்ளியில் தோழி சுசித்ராவோடு வாடகை அறையில் இருந்துகொண்டு, சிப்காட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகிறவள். உள்ளே நுழைந்தால் தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க். பக்கத்தில் நிற்கிறவளுக்கு முடி நீளமா குட்டையா என்பதே ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறும்போதுதான் தெரியும். தொப்பியைக் கழற்றியதும் ஒவ்வொருத்தி முகமும் எப்படி மாறுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அவள் அந்த வரிக்கு ஒரு விளக்கம் எழுதினாள். கல்நாட்டார் வெளியிடங்களில் முடியை மூடியே வைத்திருப்பார்கள். ஒருவர் முன்னால் கூந்தலை அவிழ்த்தால் ‘உன்னை நம்புகிறேன்’ என்று அர்த்தம். நம்பி வந்தவளைத் தடுப்பது அந்த நாட்டில் கேவலம். அதனால்தான் காவலர்கள் விலகினார்கள்.

இதைப் படித்த அன்று குழுவே ஆடிப்போனது. பிறகு ஆளாளுக்கு எழுதத் தொடங்கினார்கள். துக்கத்தில் இருப்பவர் பின்னலை நுனிவரை பின்ன மாட்டார். சண்டை போட்ட கணவன் மனைவியில் யார் முதலில் இறங்கி வருகிறாரோ, அவருக்கு மற்றவர் தலை வாரிவிட வேண்டும். பேச விருப்பமில்லாதவர் கொண்டையை நெற்றிக்கு மேலே போட்டுக்கொள்ளலாம். இந்தக் கடைசி வழக்கத்தைச் சுசித்ரா கம்பெனி பஸ்ஸிலேயே செய்து பார்த்துவிட்டு, வாயாடி சூப்பர்வைசர் கூடப் பயந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார் என்று குழுவில் வந்து சொன்னாள். யாரும் கேட்காமல், யாரும் கூலி கொடுக்காமல், இல்லாத ஒரு ஜனத்தின் சுகதுக்கத்தை உட்கார்ந்து யோசிக்கிறதற்குப் பெரிய மனசு வேண்டும். கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும்.

குழுவுக்குச் சட்டம் ஒன்றுதான். எழுதி ஒப்புக்கொண்ட வழக்கத்தை யாருக்காகவும் மாற்றக் கூடாது. இரண்டு வழக்கம் மோதிக்கொண்டால் முதலில் எழுதியதே நிற்கும். இந்தச் சட்டத்தைக் காப்பவர் ஆனந்தராஜ். லேத் பட்டறையில் ஃபோர்மேன். பட்டறையில் அளவு ஒரு மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவர், குழுவிலும் அப்படியே.

மொட்டையைப் பற்றி எழுதியதும் ஜெயப்ரியாதான். நம் பக்கம் மொட்டை என்றால் வேண்டுதல், சந்தனம், வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அங்கே எல்லாம் தலைகீழாக இருந்தால்தான் வேறு நாடு மாதிரி இருக்கும் என்று நினைத்து இப்படி எழுதினாள்: ‘கல்நாட்டில் மொட்டைத் தலை காட்டிக்கொடுத்தவனுக்கு மட்டும். அவனோடு யாரும் ஒரே பாயில் உட்கார மாட்டார்கள்.’ எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். கிருஷ்ணகிரியில் கூரியர் கொடுக்கிற நவீன்குமார் மட்டும் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். வயசு முப்பது ஆகவில்லை, அதற்குள் நெற்றி உச்சிவரை ஏறியிருந்தது.

“அக்கா, இப்படியே போனா நானே காட்டிக்கொடுத்தவன் ஆயிருவேன். கொஞ்சம் பாத்து மாத்துங்கக்கா” என்று கெஞ்சினான்.

“ஒருத்தருக்காக நாட்டு வழக்கம் மாறாது தம்பி” என்று பதில் போட்டாள் ஜெயப்ரியா. ஆனந்தராஜ் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்.

இதற்கிடையில் அவளுடைய அக்கா ஹரிணிக்குப் பிரசவ வலி வந்தது. சொந்த ஊரான பேரிகையிலிருந்து கிருஷ்ணகிரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, தாயா பிள்ளையா என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். ஜெயப்ரியா வராந்தாவில் நின்று இடுப்புவரை தொங்கிய பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டாள். ‘ரெண்டு உசுரையும் குடுத்துரு தாயே, இதை எடுத்துக்கோ’ என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வாயில் வந்தது. ரெண்டு உயிரும் வந்தன. பெண் குழந்தை. குலதெய்வக் கோயிலில் கத்தி தலையில் ஓடியபோது அவள் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

பேரிகையிலிருந்து ஓசூர் திரும்பும் பஸ்ஸில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை குழுவின் முதல் சந்திப்பு. ஏரிக்கரைப் பூங்காவில் எல்லோரும் கல்நாட்டுத் தலை அலங்காரத்தோடு வர வேண்டும். ‘கல்நாட்டம்மாவை நேர்ல பாக்கப் போறோம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். குழுவில் அவளுக்கு அதுதான் பெயர். அப்போதுதான் ஜெயப்ரியாவின் கை தானாகத் தலைக்குப் போனது. தான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது: மொட்டைத் தலை காட்டிக்கொடுத்தவனுக்கு மட்டும்.

அழகு போனதே என்று அவள் ஒரு நிமிஷம் கூட வருந்தவில்லை. கம்பெனி லைனில் அவள் ஒரு நம்பர், வீட்டில் இரண்டாவது பெண். அவள் சொன்னதைக் கேட்டு நாலு பேர் இரவெல்லாம் யோசித்த இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அந்த இடத்துக்கு முதல்முதலாக நேரில் போகும்போது, தானே பூட்டிய கதவுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிறதே!

வழக்கத்தை லேசாக மாற்றிவிடலாம். ‘வேண்டுதல் மொட்டைக்கு இது பொருந்தாது’ என்று ஒரு வரி போதும், அவள் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். எழுதக்கூடச் செய்தாள். நவீன்குமாரின் கெஞ்சல் நினைவுக்கு வந்தது. அவனுக்கு மாறாத நாடு தனக்கு மட்டும் மாறினால் அப்புறம் அது என்ன நாடு என்று தோன்றியது. அழித்துவிட்டாள்.

அதற்குப் பதிலாகத் தலையைப் படம் எடுத்துப் போட்டாள். ‘அக்காவுக்காக வேண்டிக்கிட்டேன், மொட்டை போட்டுட்டேன். நம்ம வழக்கப்படி நான் உங்ககூட உக்கார முடியாது. யாரும் வழக்கத்தை மாத்த வேண்டாம். நல்லபடியா நடத்துங்க.’

எல்லோரும் பார்த்துவிட்டதாக ஃபோன் காட்டியது. ஒரு பதில் இல்லை. விடிந்தும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. சும்மா ‘காலை வணக்கம்’ போடுகிறவர்கள் கூட வாயைத் திறக்கவில்லை. ஜெயப்ரியா நிமிஷத்துக்கொரு தரம் ஃபோனைத் திறந்து பார்த்தாள். தன்னை விட்டுவிட்டு வேறு குழு ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அது பாதி உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை சுசித்ரா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து செருப்பை எடுத்துப் போட்டாள். “கிளம்பு டீ.”

“நான் வரலைன்னு எழுதிட்டேன்ல.”

“உக்கார வேணாம். தூரமா நின்னு பாரு. நானு கன்னடக்காரி, அங்க யாராவது வேகமாத் தமிழ் பேசுனா எனக்குப் புரியாது. தொணைக்கு வா.” பல வருஷமாகத் தமிழில் சண்டை போடுகிறவள் இப்படிச் சொன்னாள்.

ஜெயப்ரியா துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு போனாள். ஏரிக்கரையில் மரத்தடியில் பெரிய பாய் ஒன்று விரித்திருந்தது. அதைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவரும் உட்காரவில்லை. வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கப் போனவளைச் சுசித்ரா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பக்கத்தில் வந்ததும்தான் ஜெயப்ரியா பார்த்தாள். அவரவர் விதவிதமான அலங்காரத்தில் இருந்தார்கள். ஆனால் எல்லோருக்கும் இடது காது ஓரத்தில் பச்சை நூல் கட்டிய மெல்லிய பின்னல் ஒன்று தனியாகத் தொங்கியது. ஆண்களுக்கும்தான். சுசித்ரா துண்டை உருவினாள், அவளுக்கும் இருந்தது. நவீன்குமார் காதோரம் மிச்சமிருந்த நாலு முடியைப் பாடுபட்டுப் பின்னியிருந்தான். ஆனந்தராஜுக்கு ஒட்ட வெட்டிய தலை. அவர் வெறும் பச்சை நூலைப் பின்னி, காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் காதோரம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கோலத்தில் அவர் முகம் மட்டும் பட்டறை முகமாகவே இருந்தது.

“வழக்கத்தை நாங்க மாத்தலம்மா” என்றார் அவர். “ரெண்டு நாளா வேற குரூப் போட்டுப் பழசெல்லாம் தேடினோம். கூந்தல் அவுக்கிற வழக்கத்துக்கும் முன்னாடி, நீ மொதமொதல்ல எழுதினது எதுன்னு ஞாபகம் இருக்குதா? அப்ப குரூப்ல நாம அஞ்சாறு பேருதான்.”

அவளுக்கு நினைவில்லை. அவர் ஃபோனைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னார்.

“‘பிறந்த குழந்தைக்கும், நோவில் முடி கொட்டியவர்க்கும், எக்காரணத்தாலேனும் தலையில் முடியில்லாத குலத்தார் எவர்க்கும், முடி வளரும்வரை மற்ற எல்லோரும் தங்கள் தலையில் ஒரு சிறு பின்னலை வைத்திருப்பார்கள். அது அவருடைய முடி.’ நீ எழுதினதுதான். மொட்டையப் பத்தி எழுதினது அதுக்கப்புறம் ரொம்ப நாள் கழிச்சு. ரெண்டும் மோதுச்சுன்னா மொத எழுதினதுதான் நிக்கும். சட்டம் சட்டம்தாம்மா.”

“இது அப்பவே இருந்துச்சா?” நவீன்குமார் பொங்கினான். “நான் அவ்ளோ கெஞ்சினேனே, ஒருத்தராவது சொன்னீங்களாண்ணா?”

“நீ மாத்தச் சொன்ன. தேடச் சொல்லலையே” என்றார் ஆனந்தராஜ்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. துப்பட்டாவை அவிழ்த்தாள். ஏரிக்காற்று வெறும் தலையில் பட்டது. அவள் அவிழ்த்ததைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே, பாய்க்கு முன்னால் நின்றவர்கள் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள்.

“பா, கூத்கோ. வா, உக்காரு” என்று சுசித்ரா அவளைப் பாயின் நடுவில் உட்கார வைத்தாள். அப்புறம்தான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

சுசித்ராவின் காதோரத்தில் ஒன்றல்ல, இரண்டு பின்னல் இருந்ததை ஜெயப்ரியா அப்போதுதான் கவனித்தாள். ஒன்று மிகவும் பொடிசு.

“அது யாருக்கு டீ?”

“உங்க அக்கா பொண்ணுக்கு. நீதான் போட்டுக்கணும். உனக்குத்தான் இப்ப முடி இல்லையே, உனக்குப் பதிலா நானு போட்டுக்கிட்டேன்.”

ஜெயப்ரியா கையை நீட்டி, நூல் நெகிழ்ந்திருந்த அந்தச் சின்னப் பின்னலை அவிழ்த்து, முதலிலிருந்து அழுத்தமாகப் பின்னிவிட்டாள்.