பத்தாயிரத்து ஏழு பெட்டி

கிடங்குக் கதவைத் திறந்ததுமே சுமைதூக்கி மூட்டை இரண்டடி பின்வாங்கினான். சுமந்து சுமந்து முதுகு மூட்டைபோல் புடைத்துவிட்டதால் வந்த பெயர் அது. கூரை ஒழுகியதில் உள்ளே இருந்த மீன் டின்கள் எல்லாம் வயிறு ஊதி வெடித்திருந்தன. பெட்டி இடுக்குகளில் மஞ்சளாய் ஏதோ வழிந்து தரையில் கூழாய்க் கிடந்தது.

"மொத்தம் பத்தாயிரத்து ஏழு பெட்டி," என்றார் கணக்கர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

தூக்க வந்தவர்கள் பன்னிரண்டு பேர். நாற்ற வேலை என்றால் அந்தக் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு. தொடங்குமுன்பே தலைக்கு இத்தனை என்று பிரித்துவிட வேண்டும். எவனும் அடுத்தவனைவிட ஒரு பெட்டி கூடத் தூக்கமாட்டான். கணக்கர் கைப்பேசியில் தட்டினார். ஆளுக்கு எண்ணூற்று முப்பத்து மூன்று போக, பதினொன்று மிச்சம்.

"பதினோரு பேரு கூடுதலா ஒண்ணு தூக்கணும், ஒருத்தன் மட்டும் காலாட்டிட்டு நிப்பானா?" என்று எகிறினான் கூட்டத்தில் ஒருவனான கோணவாயன்.

"அந்த ஒருத்தன் நீயா இருந்தா இப்படிக் கத்துவியாடா?" என்றான் பக்கத்தில் நின்றவன்.

மேஸ்திரிக்கு எரிச்சல். "ஒரு ஆளைக் கழிச்சுப் பாருய்யா." அவர் கண் மூட்டையின் அண்ணிமேல் விழுந்தது. அண்ணன் செத்தபின் போன வாரம்தான் வேலைக்கு வந்தவள். இந்த வேலையை நம்பித்தான் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு. "நீ போம்மா."

மூட்டை தரையைப் பார்த்தான்.

"பதினொண்ணுக்கு எட்டு மிச்சம்," என்றார் கணக்கர். அடுத்து, கால் விந்தி நடந்த ஒருவரை மேஸ்திரி அனுப்பினார். "பத்துக்கு ஏழு மிச்சம்."

கணக்கர் கைப்பேசியில் என்னவோ தேடிப் படித்துவிட்டுச் சிரித்தார். "மேஸ்திரி, எத்தனை பேரைத் துரத்தினாலும் மிஞ்சத்தான் செய்யும். இது பகா எண்ணாம். ஒண்ணுக்கும் தனக்கும் தவிர வேற எதுக்கும் மசியாது."

"அப்ப ஒத்த ஆளுதான் சரிப்படும். மேஸ்திரி, நீங்களே தூக்கிருங்க!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்படின்னா போனவங்களைக் கூப்பிடுங்க," என்றான் மூட்டை.

"எதுக்கு? ஆளு குறைஞ்சா நமக்கு வேலை நாள் கூடும், கூலியும் கூடுமே," என்றான் கோணவாயன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒரு பெட்டிக்காக மல்லுக்கு நின்றவர்கள், இப்போது நூறு பெட்டிக்குமேல் கூடுதலாய்த் தூக்கத் தயார். அந்தப் பல்லிளிப்பைப் பார்க்க மூட்டைக்கு மீன் நாற்றமே தேவலை என்று இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு பெட்டி இருந்திருந்தா பன்னெண்டு பேருக்கும் கச்சிதமா வந்திருக்கும்," என்றார் கணக்கர், போகிற போக்கில்.

மூட்டை விறுவிறுவென்று பக்கத்துக் கிடங்குக்குப் போனான். நல்ல பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து அந்த மஞ்சள் கூழில் தொப்பென்று போட்டான்.

"அடப்பாவி! நல்ல சரக்குடா அது!" என்று அலறினார் கணக்கர்.

"இனிமே அழுகின சரக்கு. சேர்த்து எண்ணுங்க."

பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு எண்ணூற்று முப்பத்து நான்கு. மிச்சம் ஒன்றுமில்லை. சமமாய்ப் பிரிந்துவிட்டால் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், கோணவாயன்கூடத் தலையாட்டினான். மேஸ்திரி பல்லைக் கடித்தபடி வாசலுக்கு வெளியே நின்ற இருவரையும் கூப்பிட்டார்.

அண்ணி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். கூழில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

"எனக்காகவா தம்பி?"

"ஆமா அண்ணி."

"போகச் சொன்னப்பவே வாயத் திறந்திருந்தா, ஒரு நல்ல பெட்டி வீணாகியிருக்காதே."

அவள் குனிந்து முதலில் அதையே எடுத்துத் தலையில் வைத்தாள். மஞ்சள் நீர் அவள் கன்னத்தில் வழிந்தது. மூட்டை சுவரோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தான்.