தூங்கும் அறையின் சுவரில் ஒரு குழாய்

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. 'காலத்துக்கும் இருக்கப் போகிற வீட்டை, பின்னால் வருந்தாதபடி கட்டுவது எப்படி?' என்று எழுதித் தரும்படி வீடு கட்டுவோருக்கான மாத இதழ் ஒன்று கேட்டது. எனக்கு இந்த மாதிரி விஷயங்கள் உயிர். மாடிப்படி விளக்கைக் கீழே போட்டுவிட்டு மேலே போய் எப்படி அணைக்க முடிகிறது என்று யாராவது கேட்டால், பேருந்தைத் தவறவிட்டாவது விளக்கிவிட்டுத்தான் நகர்வேன். மூன்று பத்திகள் நன்றாகப் போயின. நான்காவதில், 'உதாரணத்துக்கு ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம்' என்று எழுதினேன். எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த மனைவி பேச ஆரம்பித்துவிட்டார்.

2

கதை என்றால் தொடக்கம் வேண்டும். முயன்று பார்த்தவை:

அதிகாலைப் பனியில் அந்தக் காலிமனை ஒரு— (மனை காலியாக இருந்தது. அவ்வளவுதான்.)

வீடு என்பது வெறும் செங்கல் அல்ல, அது— (செங்கல்தான். கொஞ்சம் சிமென்ட்டும் உண்டு.)

ஆகவே நேராக ஆட்களிடம் போய்விடுகிறேன். கணவர், காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளர். எரிந்த கடை, நனைந்த கிடங்கு, சரிந்த சுவர் எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்து, எதனால் ஆயிற்று என்று சொல்வது அவர் வேலை. அலுவலகத்தில் அவர் பெயர் 'சேதாரம்'. மனைவி நர்ஸ். பல வருடங்களாக இரவுப் பணி. கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு மிக்சி ஓட ஓட, பகலில் தூங்குபவர். புது வீட்டில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பின்பக்க மூலையில், சத்தம் எட்டாத ஓர் அறை.

3

சேதாரத்துக்கு ஒரு கொள்கை உண்டு. அடுத்தவர்களின் வருத்தங்களை எல்லாம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் நமக்கென்று ஒரு வருத்தமும் மிஞ்சாது. எனவே போகிற இடமெல்லாம் கேட்டார். பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடியே கேட்டார். வேலை நிமித்தமாகப் போன வீட்டிலும் விடவில்லை.

"உங்க வீட்டுல உங்களுக்குப் பெரிய வருத்தம்னா எது?"

"கூரை விழுந்ததுதான் சார்."

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இப்படியும் ஒருவர் இருப்பாரா? இதழாசிரியரிடம் காட்டினேன். "என் மைத்துனரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.)

வாஷிங் மெஷினைக் கூடத்தில் வைத்து வருந்தியவர்கள், தண்ணீர் மோட்டாரை வாசலில் வைத்து வருந்தியவர்கள், கழிவறைகளை மூலைக்கொன்றாகக் கட்டிவிட்டுக் கசிவைத் தேடி அலைந்தவர்கள். ஒவ்வொரு வருத்தத்துக்கும் சேதாரத்திடம் ஒரு தீர்வு இருந்தது. தீர்வுகளுக்கு இடம் வேண்டுமே? எல்லாம் பின்பக்க மூலைக்கு நகர்ந்தன. அந்த மூலையைப் பற்றித்தான் யாரும் வருந்தவில்லை.

"நீங்க கேட்டவங்கள்ல ஒருத்தராவது பகல்ல தூங்குறவங்களா?" என்று நர்ஸ் கேட்டார்.

"அப்படி யாரும் குறை சொல்லலையே."

"நீங்க போனப்போ தூங்கிட்டு இருந்திருப்பாங்க."

4

மோட்டாரையும் மெஷினையும் எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம். குழாய் அப்படியல்ல. இதை விளக்கியே ஆக வேண்டும், ஒரு நிமிடம்.

மாடிக் கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டால் அது குழாயின் உட்சுவரை ஒட்டி இறங்குகிறது. அதுவரை பெரிய சத்தம் இல்லை. அடியில் படுக்கைவாட்டாகத் திரும்பும் இடத்தில் போய் மோதும்போதுதான் தடதடக்கிறது. வரைபடத்தில் அந்த வளைவு இருந்தது நர்ஸின் தலையணைக்குக் கைக்கெட்டும் தூரத்தில். மாற்று வழி, கூடத்துத் தரைக்கு அடியில் குழாயை முன்பக்கம் கொண்டுபோவது. என்றாவது அடைத்துக்கொண்டால் கூடத்தை உடைக்க வேண்டும். அப்படி உடைத்த கூடங்களைச் சேதாரம் கண்ணால் பார்த்திருக்கிறார். எந்த வழியானாலும் அஸ்திவாரத்திலேயே விட்டாக வேண்டும். அப்புறம் மாற்ற முடியாது.

(இருவரில் ஒருவர் மேல் தப்பு இருந்திருந்தால் நான் எப்போதோ முடித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.)

"இன்னும் ஆறு வருஷத்துல நீ ரிட்டயர் ஆயிடுவ. வீடு அறுபது வருஷம் நிக்கும்," என்றார் சேதாரம்.

"அது நிக்கட்டும். நான் எங்க படுக்கிறது?"

5

அஸ்திவாரம் தோண்டும் நாள், காலை. மனையில் சுண்ணாம்புத் தூளால் வீட்டைக் கோடு போட்டிருந்தார்கள். நர்ஸ் பணி முடிந்து நேரே அங்கே வந்தார். என்ஜினீயர் அவருடைய தம்பி. அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்.

"சமையலறை வழியா வராத அக்கா, அங்க சுவர் இருக்கு."

"இந்தக் கோட்டுக்கு இருக்குற மரியாதை எனக்கு இருந்தா சரி." நர்ஸ் முறைப்படி வாசல் வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, தன் அறைக்குப் போய்த் தார்ப்பாயை விரித்துப் படுத்தார். "ஊத்துங்க. கேக்குதா இல்லையான்னு நான் சொல்றேன்."

மேஸ்திரி ட்ரம் மேல் ஏறி, அடியில் வளைவு மாட்டிய குழாயை நிமிர்த்திப் பிடித்து ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். தடதடவென்று இறங்கியது. தலைக்குக் கைப்பையை வைத்துப் படுத்த நர்ஸ் அதற்குள் தூங்கிப் போயிருந்தார்.

"டெஸ்ட்ல அக்கா பாஸ், மாமா," என்றார் தம்பி மெதுவாக.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" சேதாரமும் குரலைத் தாழ்த்தினார். இல்லாத சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான்.

"அப்போ குழாய்க்குப் பின்பக்கமே வழி விட்டுரவா சார்?" மேஸ்திரி இன்னொரு வாளியையும் ஊற்றிப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்: தூக்கம் கலையாமலே நர்ஸின் கை எழுந்து, முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டது. பழகிய கை, தேடவில்லை, தடுமாறவில்லை. இதை எழுதினால் நான் நர்ஸின் பக்கம் சாய்ந்ததாக ஆகும். எழுதாவிட்டால் பொய். எத்தனையோ வருடப் பகல்களில் அந்தக் கை அப்படித்தான் எழுந்திருக்கிறது. அந்த நேரங்களில் சேதாரம் வேறு யாருடைய வீட்டிலாவது இடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

6

முடிவுகள் சில கைவசம் இருந்தன. 'கூடத்துக்கு அடியில போகட்டும்' என்று சேதாரம் சொல்வது: அழகாக இருந்தது, குழாய் அடைத்துக்கொள்ளும் நாளன்று வாசகர்கள் என்னைத் திட்டுவார்கள். 'பின்பக்கமே விடுங்க' என்று சொல்வது: நியாயமாக இருந்தது, எழுதி முடித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. குழாயைச் சுற்றிப் பஞ்சு அடைப்பது: சத்தம் குறையும், போகாது. கதையும் பாதிதான் முடியும்.

அதனால் இதோடு நிறுத்துகிறேன். மேஸ்திரி காலி வாளியோடு காத்திருக்கிறார். சேதாரம் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டார். அந்தக் கை எழுந்தபோது அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் நான் எழுதவில்லை. அதை நீங்கள் முடிவு செய்தால் போதும், பதில் தானாக வந்துவிடும்.

என்ன முடிவு செய்தாலும் மனதுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளுங்கள். நர்ஸ் தூங்குகிறார்.