மாதிரி வீட்டுக் கட்டில்

அளவு நாடா பொய் சொல்லாது; தானும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்னும் கேள்விதான் அவளைக் குடைந்துகொண்டிருந்தது.

அடுக்குமாடி கட்டும் நிறுவனம் ஒரு மாதிரி வீட்டைக் காட்டி, ‘இங்குக் கண்டபடியே கட்டித் தரப்படும்’ என ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமும் வாங்கியிருந்தது. மாதிரி வீட்டில் அவளுடைய அம்மாவின் சக்கர நாற்காலி கட்டிலைச் சுற்றித் தாராளமாக வலம்வந்தது. கட்டி முடித்த வீட்டிலோ, கட்டிலைப் போட்டதும் நாற்காலி அறை வாசலிலேயே நின்றுவிட்டது. அம்மா புழங்க முடியாத வீடு எதற்கு? ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கோரி அவளும் கணவரும் வழக்குத் தொடுத்தனர். இரண்டு வீடுகளையும் அளந்து அறிக்கை தருமாறு நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக அனுப்பியது.

கட்டிய வீட்டை அளந்தாயிற்று. மாதிரி வீட்டையும் அளந்தாயிற்று. சுவருக்குச் சுவர் ஒரு விரற்கடைகூட வேறுபாடில்லை.

“அளவு அச்சு அசலா ஒத்துப்போகுதும்மா. நான் அப்படித்தான் எழுதணும்” என்றார் ஆணையர்.

“வெள்ளை பெயின்ட் அடிச்சா ரூம் பெருசாத் தெரியும் மேடம்” என்றார் நிறுவனத்தின் மேலாளர், வாயெல்லாம் பல்லாக.

“வா, போகலாம். துப்பறிஞ்சது போதும்” என்று கணவர் காதைக் கடித்தார்.

அவள் நகரவில்லை. மாதிரி வீட்டுக் கட்டிலின் பளபளக்கும் விரிப்பின்மேல் ஓர் அட்டை: ‘தயவுசெய்து உட்காராதீர்கள்’. முதன்முறை வந்தபோதும் அது இருந்தது. மரியாதை கருதி நின்றபடியே பார்த்துவிட்டுப் போயிருந்தாள். உட்காரவே கூடாதென்றால் அது என்ன கட்டில்?

அட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“ஏங்க, இதுல கொஞ்சம் படுங்க.”

“எல்லார் முன்னாடியுமா?”

“படுங்கன்னா படுங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நீட்டி நிமிர்ந்து படுத்தார். கணுக்கால்கள் இரண்டும் கட்டிலைத் தாண்டி அந்தரத்தில் நின்றன.

மேலாளரின் சிரிப்பு சுருங்கியது. “சார் கொஞ்சம் உயரம், அதான்...”

“யாரு, இவரா? கல்யாண போட்டோவுக்கே இவரை ஸ்டூல் மேல நிக்கவெச்சாங்க!”

“அதை இப்ப சொல்லியே ஆகணுமாடி?” என்றது கட்டில்.

ஆணையர் மீண்டும் நாடாவை உருவினார். நீளம் குறைவு, அகலமும் குறைவு. கட்டில் குட்டியானதால்தான் அறை வளர்ந்திருந்தது.

“சார், கட்டில் ஒப்பந்தத்துலயே இல்லையே!” என்று மேலாளர் குறுக்கே வந்தார்.

“‘கண்டபடியே’ன்னு எழுதுனது நீங்கதானே? இந்தம்மா கண்டது இதைத்தானே?”

ஆணையருக்கும் இப்போது ஆவல் தொற்றிக்கொண்டது. அந்த அறையில் கிடந்த நாற்காலியில் அமர்ந்து பார்த்தார். முழங்கால் மார்பை இடித்தது. தம்முடைய கறுப்புக் கோட்டைக் கழற்றி அலமாரிக்குள் மாட்டினார். கோட்டின் கை வெளியே துருத்திக்கொள்ள, கதவு மூட மறுத்தது. அதையும் எழுதிக்கொண்டார்.

மேலாளர் பால்கனிக்கு விரைந்து, தொலைபேசியில் முதலாளியிடம் கிசுகிசுத்தார்.

“கேஸை இழுக்க வேணாம் சார், ரத்து பண்ணிக் குடுத்துடலாம். இல்ல சார், சுவர் சரியாத்தான் இருக்கு... இப்ப தலையணையை அளக்குறாரு சார்!”

அவள் கணவரை எழுப்பிவிட்டு, கைபேசியில் அம்மாவை அழைத்தாள்.

“அம்மா, வேற வீடு பார்ப்போம். இந்தத் தடவை நீயே எல்லாத்துலயும் படுத்துப் பார்த்துச் சொல்லு.”