இருபத்து மூன்று படிகள்

போன தேர்தலில் என் தங்கச்சியை முதுகில் தூக்கிக்கொண்டு போய் ஓட்டுப் போட வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

தப்பு என்னுடையதுதான். நாற்பத்தோரு வருஷம் சந்தையில் மூட்டை தூக்கியவன் நான். முதுகில் பாரம் ஏறினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்து மாடியில் இருந்தது. பாதிப் படி ஏறும்போது, "பாரம், பாரம்! வழி விடு!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் கழுத்தைச் சுற்றியிருந்த அவள் கை சில்லிட்டுப் போனது.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இரண்டு காலும் விளங்காது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கையால் சுற்றும் மிஷினில் தைத்துப் பிழைக்கிறாள். என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்துப் போட்டதும் அவள்தான். ஒருநாளும் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. அவளைத்தான் அப்படிக் கத்தினேன்.

இந்தத் தேர்தல் நெருங்கியதுமே சொல்லிவிட்டாள்.

"நான் போகல. மூட்டையாப் போய் ஓட்டுப் போடணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல."

"வாய மூடிக்கிட்டுத் தூக்குறேன்."

"நீயாவது வாய மூடுறதாவது. விடுண்ணா."

அந்த வாரம் நோட்டும் கையுமாக ஒரு அம்மா வந்து கதவைத் தட்டினார். எல்லா வாக்குச்சாவடியும் தரைத்தளத்தில் இருக்க வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறாராம்.

"எந்தக் கட்சி?" என்றேன்.

"எந்தக் கட்சியும் இல்லைங்க."

"கட்சி இல்லாதவங்களுக்கு இந்த வெயில்ல என்ன வேலை?"

"கட்சி இருந்தா வண்டியில வந்திருக்க மாட்டேனா?" என்று காலைக் காட்டினார். செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

நான் எதிலும் கையெழுத்துப் போடுகிறவன் அல்ல. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நாலாவது வரிக்குப் போவதற்குள் தாளைப் பிடுங்கிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கச்சிதான் மிஷினை நிறுத்திவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாள்.

"மாடிக்கு எத்தனை படின்னு மனுவுல எழுதணும்," என்றார் அந்த அம்மா.

"இருபத்து மூணு. பதினொண்ணாவதுல திருப்பம். கடைசிப் படி மட்டும் கொஞ்சம் ஒசரம்," என்றேன்.

"எண்ணிப் பாத்தீங்களா?"

"என் முட்டி எண்ணிச்சு."

மறுநாள் அவரோடு நானும் தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். அவரை நம்பி அல்ல. என் தங்கச்சி கையெழுத்து எங்கே போகிறது என்று பார்க்கத்தான்.

அதிகாரி மனுவைப் படித்தார். "கீழ ஒரு ரூம் இருக்கு. ஆனா முழுக்க உடைஞ்ச பெஞ்சும் இரும்பு பீரோவும் கிடக்கு. எடுத்துப் போட ஆள் இல்ல. வெள்ளிக்கிழமை சாவடிப் பட்டியல் முடிவாகுது. அடுத்த தேர்தல்ல பாக்கலாம்."

"அவளுக்கு அறுபத்தி ரெண்டு வயசு சார். எத்தனை அடுத்த தேர்தல் பாக்கறது?"

"தூக்கிட்டுப் போக நாலு பேர ஏற்பாடு பண்றோமே."

"அவளத் தூக்கறதுக்கு நானே இருக்கேன். தூக்கக் கூடாதுன்னுதான் வந்திருக்கோம். பீரோவத் தூக்க ஆள் இல்லன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு நான் ஆள் கொண்டுவரேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்தக் கட்சி?"

அந்த அம்மா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது.

அறை காலியானால் சாவடி கீழே வரும் என்று எழுதித் தரச் சொன்னேன். எழுதினார். அதை வாசலில் நின்ற காவலாளியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பிறகு அந்த அம்மாவைத் தனியாக ஒரு ஓரத்தில் படிக்கச் சொன்னேன். இரண்டு பேர் படித்ததும் ஒன்றாகத்தான் இருந்தது. சாமான்களுக்குப் பொறுப்பு என்று என் கையெழுத்தைக் கேட்டார்கள். "மொதல்ல நீங்க போடுங்க," என்றேன். அதிகாரி போட்ட பிறகு போட்டேன். அதே கையோடு அந்த அம்மாவின் மனுவிலும் போட்டேன்.

வியாழக்கிழமை காலை, சந்தைக் கூட்டாளிகள் மூன்று பேரைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூவருக்கும் சேர்த்து நல்ல முட்டி இரண்டு தேறும்.

"ஓட்டே போடாத என்னைய ஓட்டுக்காக பெஞ்சு தூக்க வெச்சிட்டியேடா, பாவி," என்றான் ஒருவன்.

பெஞ்சுகள் சைக்கிள் கொட்டகைக்குப் போய்விட்டன. பீரோ மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. நெம்பித் தூக்கி, அடியில் மூன்று இரும்புக் குழாய்களைக் கொடுத்து உருட்டினோம். பின்னால் வெளிவந்த குழாயை, உதவிக்கு வந்திருந்த அந்த அம்மா எடுத்து எடுத்து முன்னால் போட்டார். வராந்தாவில் ஏற ஒரு படி இருந்தது. சந்தையிலிருந்து பலகை கொண்டுவந்து சரிவு அடித்தேன். தங்கச்சி வந்து தானே உருட்டி ஏறிப் பார்த்தாள்.

"செங்குத்தா இருக்கு. இன்னும் நீளமா அடி."

"ஏறிட்டேல்ல?"

"நான் ஏறிட்டேன். என்னைவிட முடியாதவங்க வந்தா?"

பிரித்து மறுபடியும் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் தெருவுக்கு நேராகத் தரைத்தளம் என்று இருந்தது. நான் நின்று, எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

தேர்தலன்று அவள் முன்னால் உருட்டிக்கொண்டு போக, நான் பின்னால் போனேன். எங்களுக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஒரு கிழவர், நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி. அறை வாசலில் சக்கரம் நிலைப்படியில் தடுக்கியது. என் கை தானாக நீண்டது.

"கைய எடுண்ணா."

எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் கொஞ்சம் பின்னுக்கு வந்து, ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். உள்ளே போய்விட்டாள்.

மை வைத்த விரலோடு வெளியே வந்தாள். நான் வாசலை மறித்து நின்றுகொண்டிருந்தேன்.

"யாருக்குப் போட்ட?"

அவள் வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"பாரம், பாரம்! வழி விடு!"