மாடுலேஷன் ரொம்ப அதிகம்

பல் துலக்கும்போதுகூட வாய் நிறைய நுரையோடு "வணக்கம் நேயர்களே" என்று சொல்லிப் பார்க்கும் மனிதனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள் அவள். அவன் எஃப்.எம். நிலையத்தின் காலை அறிவிப்பாளன். அதே நிலையத்தின் ஒலிபரப்புக் கருவிகளுக்கு அவள் பொறுப்பு.

அன்று, குரல் ஒலிபரப்பு அலையை எவ்வளவு ஆட்டுகிறது என்று காட்டும் மாடுலேஷன் மீட்டரின் முள் நூற்றைத் தாண்டி நின்றது. யாரோ ஒலி அளவை ஏற்றியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ.

"நீங்க தொட்டீங்களா?"

"கொஞ்சம் ஏத்தினேன். இன்னும் நாலு தெரு தள்ளிக் கேட்குமில்ல?"

"ஒரு அடி கூடத் தள்ளிக் கேட்காது. ரொம்பக் குறைச்சா இரைச்சல் மேல வரும். நூறைத் தாண்டினா அலை வரம்பு மீறி ஆடும், ரேடியோவால தாங்க முடியாது. நீங்க 'ச' சொன்னா துணி கிழியிற மாதிரி கேட்குது. பக்கத்து ஸ்டேஷன் மேலயும் போய் விழும்."

"நூத்துக்கு நூத்தி முப்பது வாங்குறவனைப் பார்த்தா உனக்கு ஏன் எரியுது?"

அவள் குறைத்தாள். அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவன் மறுபடி ஏற்றினான். பக்கத்து நிலையம் கொடுத்த புகாரின் பேரில் தெருவில் வண்டியை நிறுத்தி அலையை அளந்துகொண்டிருந்த அரசு அதிகாரி, நேரே உள்ளே வந்தார். தவறு யாருடையதோ அவர் வேலை போகும். கருவிகள் அவள் பொறுப்பு.

"மாடுலேஷன் ரொம்ப அதிகமா இருக்கே," என்றார்.

ஸ்டுடியோவிலிருந்து வந்த கணவன் முகம் மலர்ந்தான். "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் சார். வாய்ஸ் மாடுலேஷன்ல என்னை அடிச்சுக்க ஆள் இல்லைன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார். விருந்துகளில், வங்கியில், மாமியார் முன்னால், இப்படிப்பட்ட நேரங்களில் அவன் சட்டைக் கையை இழுத்து, அவன் சொன்னதற்கு ஒரு கௌரவமான அர்த்தம் தைத்துக் கொடுப்பதே அவள் இல்லறமாக இருந்தது. இப்போதும் கை நீண்டது. பாதியில் நின்றது.

"இந்த அளவுக்குக் கொண்டு வந்தது யாரு?"

"நானேதான் சார். இவ குறைச்சுக்கிட்டே இருப்பா, நான் ஏத்திக்கிட்டே இருப்பேன். பொறாமை."

"உங்க பேரு?"

நேயர்களுக்குச் சொல்வதுபோல் எழுத்தெழுத்தாக நிறுத்தி, கடைசி எழுத்தில் குழைந்து சொன்னான். அதிகாரி குறித்துக்கொண்டார். ஏதோ விருதுக்குத்தான் என்று அவன் நினைப்பது நின்ற நிற்பிலேயே தெரிந்தது.

தனக்குள் எங்காவது இரக்கம் மிச்சமிருக்கிறதா என்று அவள் தேடிப் பார்த்தாள். இருந்த இடம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அதைக் கண்டு வருத்தப்படவாவது வேண்டாமா? அதுவும் வரவில்லை.

"இனிஷியலை விட்டுட்டீங்க சார்," என்றாள் அதிகாரியிடம். "அதையும் சேர்த்துக்குங்க."