தம்பியின் நீலச் சுவெட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்தையன்கட்டில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். நான். என் மனைவி நாகேஸ்வரி. எங்கள் ஒரே மகள் பத்மாசனி. கலியாணம் முடித்துப் பக்கத்துக் காணியில் இருப்பவள், அன்று உதவிக்கு வந்திருந்தாள். காலஞ்சென்ற என் தம்பியின் மகள் இராசமலர். அவளைப் பார்க்கத்தான் மற்றவர்கள் வந்தார்கள். பளையிலிருந்து மாப்பிள்ளை கணேசமூர்த்தியும் அவருடைய தாய் கமலாசனி அம்மாவும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நின்று சம்பந்தம் பேசிய இளையதம்பி என்பவர். வேறு ஒருவரும் இருக்கவில்லை. பத்மாசனியின் கணவர் லொறியோடு வவுனியாவுக்குப் போயிருந்தார். அந்த ஏழு பேருக்குள் நடந்ததை மாத்திரமே எழுதுகிறேன்.

எண்பத்துநாலாம் ஆண்டு ஆவணி மாதம். என் தம்பி மலைநாட்டில், அட்டனில் ரயில்வேயில் வேலை பார்த்தவன். எழுபத்தேழுக் கலவரத்தில் ஒரு சூட்கேசும் தாயில்லாத மகளுமாக என்னிடம் வந்து சேர்ந்தான். அவன் உடுத்த உடுப்பைத் தவிர அந்தச் சூட்கேசுக்குள் இருந்த நல்ல உடுப்பு ஒரு நீலச் சுவெட்டர். நீலத்துக்குள் சாம்பல் புள்ளி விழுந்த கம்பளி. வன்னி வெக்கையில் அதற்கு வேலை இல்லை. என்றாலும் அவன் நெஞ்சு வருத்தம் வந்து பாயில் கிடந்த கடைசி மார்கழியில் அதைத்தான் போட்டிருந்தான். அவன் போன பிறகு அதை அலுமாரியில் மடித்து வைத்தோம். இராசமலர் என் பொறுப்பானாள். தம்பியின் பிள்ளை என்று நான் ஒரு குறையும் வைக்கவில்லை. வைத்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அவளுக்கு ஒரு பழக்கம், பின்னல். அட்டனில் ரயில்வே குவாட்டர்சில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பழகியது. ஒரு சோடி ஊசியும் ஒரு வூல் பந்தும் கையில் இருந்தால் அவளுக்குச் சாப்பாடும் வேண்டாம். வயலுக்கு வருகிற பெண்கள், "இந்த வேர்வைக்குள்ளை வூல் பின்னுற பிள்ளையை இஞ்சைதான் கண்டம்" என்று சிரிப்பார்கள். அவள் அதற்கெல்லாம் முகம் கொடுப்பதில்லை. எங்கள் ரேடியோவுக்கு உறை பின்னினாள். தேத்தண்ணிக் கேத்தலுக்குச் சட்டை பின்னினாள். என் சைக்கிள் சீற்றுக்கு மூடி. மார்கழிப் பனியில் விடிய வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போகும்போது நான் போட ஒரு குல்லா. அதைப் போட்டுக்கொண்டு நான் வாய்க்கால் வரம்பில் நடந்தால் மற்றக் கமக்காரர்கள், "அண்ணை நுவரெலியாவுக்கோ?" என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்று போட்டேன்.

புது வூல் வாங்க வவுனியாவுக்குப் போகவேண்டும். எப்போதாவதுதான் கிடைக்கும். அதனால் பழையதைக் குலைத்துப் புதியது பின்னுவாள். குலைத்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும். அதைத் தண்ணீரில் நனைத்துக் கதிரை முதுகில் சுற்றிக் காயவிட்டால் நேராகிவிடும். எங்கள் வீட்டுக் கதிரைகளுக்கு எந்த நேரமும் ஏதாவது ஒரு நிறத்தில் நூல் சுற்றியிருக்கும். வருகிறவர்கள் நின்றுகொண்டுதான் கதைக்கவேண்டும்.

எங்கள் ஆட்களின் முறை ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். பிறக்காத பிள்ளைக்கு ஒன்றும் வாங்குவதில்லை, ஒன்றும் தைப்பதில்லை. பிறந்த பிள்ளையைத் துவைத்த பழந்துணியில்தான் சுற்றுவோம். முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்த பிறகுதான் புதுச்சட்டை. பத்மாசனிக்கு முதல் கரு மூன்றாம் மாதத்தில் அழிந்தது. இரண்டாவதுக்கு என் மருமகன் சந்தோசத்தில் முறையை மறந்து வவுனியாவில் சட்டை, தொப்பி, நுளம்பு கடிக்காமல் வலை என்று வாங்கி வந்துவிட்டார். எட்டாம் மாதம் பிள்ளை பிறந்தது. அழவில்லை. நாகேஸ்வரி அந்தச் சாமான்களைக் கட்டித் தண்ணீரூற்றில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குழந்தைச் சட்டை என்ற கதையே இல்லை.

இனி அந்த ஞாயிறு.

பளைக்காரர் வான் வண்டியில் வந்தார்கள். பத்து மணிக்கு என்றவர்கள் ஒரு மணி தாண்டித்தான் வந்தார்கள். கமலாசனி அம்மா கதிரையில் இருந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"மாங்குளத்திலை ஆமிக்காரங்கள் இறக்கி ஏத்தினவங்கள் அண்ணை. இவன்ர அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்கள். பெடியனோடை வீட்டை விட்டு வெளிக்கிடுறதே இப்ப பெரும்பாடு."

"அதுக்குத்தான் நான் சொல்லுறன், பிந்தாமல் முடிச்சுப்போடுவம்" என்றார் இளையதம்பி. "பெடியன் ஒரு இடத்திலை அடங்கி இருந்தால் தாய்க்கும் நிம்மதி, அண்ணைக்கும் நிம்மதி."

அவர் சொன்னது சரி. வயது வந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு அந்த வருடம் எந்தத் தகப்பனும் நிம்மதியாக நித்திரை கொள்ளவில்லை. ரோட்டில் ஆமி ட்ரக் சத்தம் கேட்டால் நாகேஸ்வரி இராசமலரைப் பின்வளவுக்கு அனுப்பிவிடுவாள். கணேசமூர்த்தி கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. குடிவெறி இல்லை. குடும்பம் எங்களுக்குச் சமமான குடும்பம். இந்தச் சம்பந்தம் தப்பினால் இன்னொன்று எப்போது எந்த ரோட்டால் வரும் என்று எனக்குத் தெரியாது.

இராசமலர் பலகாரத் தட்டோடு வந்து நின்றாள், போனாள். மாப்பிள்ளை பார்த்தார். முகத்தில் பிடித்த மாதிரித் தெரிந்தது. கமலாசனி அம்மா ரேடியோ உறையைத் தடவிப் பார்த்து, "இது ஆர் பின்னினது?" என்று கேட்டார்.

பெண்ணின் கைவேலையைச் சபையில் காட்டுவது முறை. "நாகேஸ்வரி, பிள்ளையின்ர பின்னல் பெட்டியை எடுத்து வா" என்றேன். இராசமலர் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள், அவளுக்குக் கேட்கவில்லை.

பனையோலைப் பெட்டி வந்தது. மேலே ஒரு மப்ளர், பிறகு மேசை விரிப்பு. "என்ன நேர்த்தி, ஒரு கண் பிசகேல்லை" என்றார் கமலாசனி அம்மா.

"கேத்தலுக்கே சட்டை போட்ட பிள்ளை, உங்கட மகனைக் குளிரிலை விடுமே?" என்றார் இளையதம்பி. மாப்பிள்ளைகூடச் சிரித்தார்.

கமலாசனி அம்மா பெட்டியின் அடியில் கையை விட்டார். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு சோடி காலுறை இருந்தது. என் பெருவிரல் அளவுகூட இல்லை. அதோடு ஊசியில் பாதியில் நிற்கிற ஒரு சின்னத் தொப்பி.

சிரிப்பு நின்றது.

"இது ஆருக்கு?"

நாகேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் காலுறையைப் பார்த்தேன். நீலம். நீலத்துக்குள் சாம்பல் புள்ளி.

"பிள்ளை, இஞ்சை வா" என்று கூப்பிட்டேன். இராசமலர் வந்து வாசலில் நின்றாள். அந்த அம்மாவின் கையைக் கண்டதும் அவளுடைய முகம் வெளிறியது.

"இது அப்பான்ர சுவெட்டர் எல்லே?"

"ஓம், பெரியப்பா."

"அதைக் குலைச்சு ஆருக்குப் பின்னினனீ?"

அவள் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மார்கழியிலை முத்தையன்கட்டுக் குரங்குக்குட்டியளுக்கும் குளிருமாக்கும்" என்றார் இளையதம்பி. ஒருவரும் சிரிக்கவில்லை.

"பெரியவர் கேக்கிறார், சொல்லும் பிள்ளை" என்றார் கமலாசனி அம்மா. குரல் மாறிவிட்டது. "ஆருக்கு?"

"அதைச் சொல்லேலாது மாமி."

"சொல்லேலாதோ? கலியாணம் கட்டாத பிள்ளையின்ர பெட்டிக்குள்ளை குழந்தைச் சாமான் கிடக்குது. ஆருக்கெண்டு சொல்லேலாதாம்." அவர் இராசமலரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பார்வை அவளுடைய வயிற்றில் நின்றது. "காலமும் கெட்டுக் கிடக்குது. நான் ஒரு தாய். கேக்கவேண்டியதைக் கேக்கத்தானே வேணும். உமக்கு உடம்பிலை வருத்தம் ஏதும் இல்லையே பிள்ளை?"

நான் எழுந்துவிட்டேன். "அம்மா, அந்தக் கேள்வியை என்ர வீட்டிலை கேக்கக்கூடாது."

"அப்ப நீங்கள் பதிலைச் சொல்லுங்கோ அண்ணை."

நான் இராசமலரைப் பார்த்தேன். அவள் நேரே மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கணேசமூர்த்தி கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். பிறகு வெளியே நின்ற வானைப் பார்த்தார்.

"அது என்ர பிள்ளைக்கு."

குசினி வாசலில் பத்மாசனி. ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள்.

"நாலாம் மாதம். முதல் ரண்டும் தங்கேல்லை. என்ர மனுசனுக்கும் இவளுக்கும்தான் தெரியும். அம்மாவுக்குக்கூடச் சொல்லேல்லை. இந்த முறை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது எண்டு நான்தான் இவளிட்டைச் சத்தியம் வாங்கினனான். நான்தான் கேட்டுப் பின்னுவிச்சனான். புது நூல் வேண்டாம் எண்டாள் இவள். சித்தப்பான்ர பழைய சுவெட்டரிலை பின்னினால் அது பழந்துணிதானே அக்கா, முறைக்கு மாறில்லை எண்டாள்." அவள் அழவில்லை. "இப்ப நானே சொல்லிப்போட்டன். இனி வாறது வரட்டும்."

நாகேஸ்வரி "ஐயோ என்ர பிள்ளை" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அவளிடம் ஓடினாள்.

கமலாசனி அம்மாவின் முகம் உடனே இளகியது. அதை நான் மறைக்கவில்லை. அவர் கெட்ட மனுசி இல்லை. "இதை முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு கதை வந்திருக்காதே" என்றார். காலுறையைப் பெட்டிக்குள் வைத்தார். "ஆனால் ஒண்டு சொல்லுறன் அண்ணை. ஏற்கெனவே ரண்டு இழந்த பிள்ளைக்கு முன்கூட்டிப் பின்னினது சரியில்லை. பழசெண்டாலும் சரியில்லை. எங்கட வீட்டுக்கு வந்தால் இந்த ஊசி, நூல் ஒண்டும் வேண்டாம். மற்றும்படி எங்களுக்குப் பூரண சம்மதம். ஐப்பசிக்கு முன்னம் கலியாணத்துக்கு ஒரு நாள் பாப்பம்."

"அப்ப எல்லாம் நல்லபடி" என்றார் இளையதம்பி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

நானும் நல்லபடி என்றுதான் நினைத்தேன். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் இராசமலர் மாப்பிள்ளையிடம் கேட்டாள்:

"நீங்கள் என்ன நினைச்சனீங்கள்?"

எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளை சபையில் அப்படிக் கேட்டதில்லை. கணேசமூர்த்தி தாயைப் பார்த்தார். "அம்மா கேட்டதிலை என்ன பிழை? ஆரெண்டாலும் அப்பிடித்தானே நினைப்பினம்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் பதிலை இளையதம்பியிடம் சொல்லியனுப்புவதாகச் சொல்லி வந்தவர்களை அனுப்பினேன். வான் போனதும் உள்ளே போய் அவளை ஏசினேன். நன்றாக ஏசினேன். தகப்பனுடைய ஞாபகமாக இருந்த ஒரே உடுப்பைக் கேட்காமல் குலைத்ததற்கு முதலில். பிறகு, சபையில் வாய் திறந்ததற்கு. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எனக்கு விருப்பமில்லை பெரியப்பா."

"அவ கேட்டது பிழைதான். பிறகு சம்மதம் எண்டு சொன்னவ தானே?"

"மாமி கேட்டதுக்கு எனக்குக் கோவமில்லை. அக்கா வெளியாலை வராமல் நிண்டிருந்தால் அவர் எழும்பிப் போய் வானிலை ஏறியிருப்பார். அதை நான் அவரின்ர முகத்திலை பாத்தனான். நாளைக்கு மாங்குளத்திலை ஒருத்தன் என்னை மறிச்சு ஒண்டைக் கேட்டாலும் அவர் வானைத்தான் பாப்பார்."

"இந்தக் காலத்திலை இனி ஆர் வருவினம் எண்டு நினைக்கிறாய்?"

"வராட்டில் இருக்கிறன்."

நாகேஸ்வரி என்னோடு சண்டை பிடித்தாள். அநாதைப் பிள்ளையின் வாழ்வை நான் கெடுக்கிறேன் என்றாள். இளையதம்பி அடுத்த கிழமை வந்தார். பளையில் சாத்திரியாரிடம் நாள் கேட்டு வைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளைக்குப் பெண்ணை நன்றாகப் பிடித்துவிட்டது, தாய் ஊசி விசயத்தையும் விட்டுக்கொடுப்பார் என்றார். நான் யோசித்தேன். இராசமலர் மேல் என் கோபம் ஆறவில்லை. இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. ஆனால் என் தம்பியின் மகளின் வயிற்றைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கப்பட்டபோது அந்த மனிதர் கோப்பையைச் சுற்றிக்கொண்டு இருந்ததை நானும் கண்டேன். அப்படிப்பட்டவரிடம் என் வீட்டுப் பெண்ணைக் கொடுத்துவிட்டு நான் யாருடைய முகத்தில் விழிப்பது?

இதை எழுதும்போது மார்கழி. முத்தையன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்கிறது. ஒட்டுசுட்டான் பக்கம் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் போகிறது. பத்மாசனிக்கு எட்டாம் மாதம். ரோட்டை நம்பமுடியாது என்று முன்கூட்டியே வவுனியா ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இராசமலர் பக்கத்தில் நிற்கிறாள். கையில் பின்னல் ஊசி இல்லை. பிள்ளை பிறக்கும்வரை தொடமாட்டாளாம். பயமா என்று நான் கேட்கவில்லை. நாகேஸ்வரியோ ஒவ்வொரு பஸ்ஸுக்கும் படலையில் போய் நிற்கிறாள். இரண்டு நாளாகப் பஸ்ஸே இல்லை.

குழந்தைச் சாமான் அகப்பட்டபடியால் பளைக்காரர் பெண்ணை வேண்டாம் என்று எழுந்து போனார்கள் என்று ஒட்டுசுட்டான் சந்தியிலிருந்து தண்ணீரூற்றுச் சந்தைவரை கதைக்கிறார்கள். அது பொய். அவர்கள் சம்மதம் சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்னவள் இராசமலர். பளைக்குப் போய், கமலாசனி அம்மாவின் வீட்டு விறாந்தையில் நின்று, அதை அவர்களுக்குச் சொன்னவன் நான்.